ஊர்க்காரர் வார நாளில் குடிக்கும் ஒயின்

இத்தாலிய உணவகத்தில் உட்கார்ந்து ஒயின் பட்டியலை வாங்கிப் பார்த்தால், பெரும்பாலானவர்களின் கண் பரோலோ, புருனெல்லோ, அமரோனே என்ற மூன்று பெயர்களில்தான் போய் நிற்கும். மூன்றும் அருமையான, கனமான சிவப்பு ஒயின்கள், அதில் மறுபேச்சில்லை. ஆனால் தட்டில் வரப்போவது எண்ணெயில் பொரித்ததோ, தக்காளியோ, நெத்திலியோ என்றால் இந்த மூன்றும் சாப்பாட்டை அமுக்கிவிடும். இத்தாலியின் வட்டாரச் சமையலுக்கு ஏற்ற ஒயினைக் கேட்டு எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அந்த வட்டாரத்தின் புகழ்பெற்ற ஒயினை விட்டுவிடுங்கள். அங்கே இருப்பவர்கள் செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டோடு என்ன குடிக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் அது புளிப்பு தூக்கலான, லேசான, விலை குறைந்த ஒயினாக இருக்கும். சாப்பாட்டுக்குப் பொருந்துவதும் அதுதான்.

நம் ஊரில் குடி என்றால் சாப்பாட்டிலிருந்து தனியாகப் பிரித்து வைத்த ஒரு காரியம். இங்கே, நான் வேலை பார்க்கும் இத்தாலியின் பொலோனியா நகரத்தில், மதியம் கால் லிட்டர் ஒயின் ரொட்டிக் கூடைக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. அதைப் பார்த்துப் பழகிய பிறகுதான் ஒயினை உணவின் ஒரு பகுதியாக, குழம்போ ரசமோ போலத் தட்டோடு சேர்த்து யோசிக்க எனக்கு வந்தது.

பொலோனியா இருக்கும் எமிலியாப் பகுதியிலிருந்தே தொடங்குகிறேன். இங்கே சமையல் முழுக்க முழுக்கக் கொழுப்பு. பார்மா ஹாம், மோர்தடெல்லா போன்ற பதப்படுத்திய பன்றி இறைச்சி, வெண்ணெய், பார்மிஜானோ சீஸ். மோதெனாவில் ‘ஞோக்கோ ஃப்ரித்தோ’ என்று ஒன்று உண்டு. மாவைச் சதுரமாக வெட்டிப் பன்றிக் கொழுப்பில் பூரி மாதிரி உப்ப வைத்து, சூடாக இருக்கும்போதே அதன்மேல் மெல்லிய ஹாம் துண்டைப் போடுவார்கள். சூட்டில் ஹாமின் கொழுப்பு உருகி மாவோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு சாப்பிட்டாலே வாய் முழுக்கப் பிசுபிசுவென்று ஆகிவிடும். இதற்கு மோதெனாக்காரர்கள் குடிப்பது லம்புருஸ்கோ. சிவப்பு நிறம், நுரை பொங்கும், ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர்ந்த நிலையில் பரிமாறுவார்கள். ஆல்கஹால் 11 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும்.

லம்புருஸ்கோவுக்கு வெளிநாடுகளில் நல்ல பெயர் இல்லை. 1970களிலும் 80களிலும் இனிப்புக் கூட்டிய லம்புருஸ்கோ அமெரிக்காவுக்குக் கப்பல் கப்பலாகப் போனது. அதைக் குடித்த தலைமுறைக்கு அது வெறும் இனிப்புச் சோடா. மோதெனாவில் சாப்பாட்டு மேசைக்கு வருவது வேறு. அதில் இனிப்பே இருக்காது. அதிலும் ‘லம்புருஸ்கோ தி சோர்பாரா’ என்ற வகை எனக்கு மிகப் பிடித்தது. செக்கியா, பனாரோ என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே மணல் கலந்த மண்ணில் விளைகிறது. நிறம் அடர்சிவப்பாக இருக்காது, மாதுளைச் சாற்றை நீர்த்தது மாதிரி வெளிர்ந்திருக்கும். புளிப்போ பல்லைக் கூசவைக்கும். இந்தக் கொடிக்கு ஒரு விசித்திரம் உண்டு. பூவில் பெண் பாகம் மட்டுமே வேலை செய்யும். மகரந்தத்துக்குப் பக்கத்தில் வேறொரு திராட்சையை, வழக்கமாக ‘சலமினோ’ என்ற லம்புருஸ்கோ வகையை, நட்டாக வேண்டும். அப்படியும் எல்லாப் பூவும் காய்க்காது. குலையில் காய்கள் இடைவெளி விட்டு நிற்கும்.

நுரைக்கும் புளிப்புக்கும் இந்தச் சாப்பாட்டில் வேலை இருக்கிறது. குமிழிகள் நாக்கில் படிந்த கொழுப்பைக் கிளறிவிடும், புளிப்பு எச்சிலை ஊறவைத்து அதைக் கழுவிக்கொண்டு போகும். மூன்றாவது ஞோக்கோவை எடுக்கும்போது வாய் முதல் ஞோக்கோவுக்கு இருந்த நிலைக்குத் திரும்பியிருக்கும். புத்தாண்டுக்குச் செய்யும் ‘சம்போனே’, அதாவது பன்றிக் காலுக்குள் இறைச்சியும் தோலும் அடைத்து வேகவைத்தது, இன்னும் கனமானது. அதற்குச் சோர்பாரா போதாது. மலையடிவாரத்தில் விளையும் ‘கிராஸ்பரோஸ்ஸா’ லம்புருஸ்கோதான் சரி. அது கருஞ்சிவப்பு, கொஞ்சம் துவர்ப்பும் உண்டு. ஒரே மாவட்டத்துக்குள்ளேயே தட்டின் கனத்துக்குத் தக்கபடி ஒயினும் மாறுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கிறது.

மாந்துவாவிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இன்னொரு பழக்கம் இருக்கிறது. இறைச்சி சூப்பில் மிதக்கும் பாஸ்தாவைப் பரிமாறியதும், பெரியவர்கள் லம்புருஸ்கோவைக் கிண்ணத்துக்குள்ளேயே ஊற்றிக் கலந்து குடித்துவிடுவார்கள். சூப் ஊதா நிறத்துக்கு மாறிவிடும். பார்க்க ஒரு மாதிரி இருக்கும். குடித்துப் பார்த்தால், கோழிக் கொழுப்பு மிதக்கும் சூப்பில் எலுமிச்சை பிழிந்த தெளிவு.

இங்கே சுவைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒயினை உணவோடு சேர்க்கும்போது கவனிக்க வேண்டியவை புளிப்பும் துவர்ப்பும்தான். மற்ற வாசனைகள், அதாவது செர்ரி, ரோஜா, தோல், புகையிலை என்று எழுதப்படுபவை எல்லாம் பிறகு. துவர்ப்பு திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்து வருகிறது. அது எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்வதால் வாய் இழுத்து வறள்கிறது. வாயில் ஏற்கெனவே இறைச்சியின் புரதமும் கொழுப்பும் உப்பும் இருந்தால் துவர்ப்பு அங்கே அடங்கிவிடும். காய்கறியோ மீனோ தக்காளியோ மட்டும் இருந்தால் அடங்க இடமில்லாமல் கசப்பாகத் திரும்பும். புளிப்பு அப்படியில்லை, எதோடும் ஒத்துப்போகும். ஆனால் தட்டில் உள்ள புளிப்பைவிட ஒயினில் புளிப்பு குறைந்துவிடக் கூடாது. குறைந்தால் ஒயின் சப்பென்று தோன்றும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டே பாதிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடலாம்.

சரி, பியெமோந்தேவுக்குப் போவோம். இத்தாலியின் வடமேற்கு மூலை. பரோலோவின் ஊர். நெப்பியோலோ என்ற திராட்சையில் செய்து, விற்பதற்கு முன் குறைந்தது 38 மாதம் முதிர வைக்க வேண்டும், அதில் 18 மாதமாவது மரப்பீப்பாயில், என்பது சட்டம். நிறத்தைப் பார்த்தால் சாதுவாகத் தெரியும். வாயில் வைத்தால் கொட்டைப்பாக்கைக் கடித்தது மாதிரி இழுக்கும்.

அதே பியெமோந்தேவின் இலையுதிர்காலச் சாப்பாடு ‘பாஞ்ஞா காவுதா’. பூண்டையும் உப்பில் ஊறிய நெத்திலியையும் ஆலிவ் எண்ணெயில் மெல்லிய தீயில் கரையும்வரை வைத்து, அடியில் விளக்கு எரியும் மண்சட்டியில் மேசைக்குக் கொண்டுவருவார்கள். சுற்றி உட்கார்ந்து குடைமிளகாய், முட்டைக்கோஸ், நிட்ஸா மோன்ஃபெராத்தோவின் கூன் விழுந்த ‘கார்தோ’த் தண்டு எல்லாவற்றையும் அதில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். பியெமோந்தேவுக்குக் கடலே கிடையாது. ஆலிவ் மரங்களும் பெரிதாக இல்லை. நெத்திலியும் எண்ணெயும் லிகூரியாக் கரையிலிருந்து மலை தாண்டி உப்பு வணிகத்தோடு வந்தவை. மைரா பள்ளத்தாக்கின் மலைவாசிகள் குளிர்காலத்தில் வயல் வேலை இல்லாதபோது நெத்திலிப் பீப்பாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக விற்கப் போவார்கள். அந்த ஏழைத் தொழிலிலிருந்து பிறந்த சாப்பாடு இது.

இதோடு பரோலோ குடித்தால் என்ன ஆகும்? நாக்கில் இரும்புத் துருவை வைத்தது போல் ஒரு சுவை வரும். மீனும் சிவப்பு ஒயினும் சண்டை போடுவதற்கு ஒரு காரணத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்டார்கள். சிப்பி இறைச்சியைப் பல ஒயின்களோடு சுவைத்துப் பார்த்ததில், ஒயினில் கரைந்துள்ள இரும்பு கூடக்கூட மீன் நாற்றமும் கூடியது. அதோடு பரோலோவின் துவர்ப்பு நெத்திலிமேல் விழுந்தால் கசப்புதான் மிஞ்சும். பியெமோந்தேக்காரர்கள் பாஞ்ஞா காவுதாவோடு குடிப்பது பர்பேரா. அதே குன்றுகளில், நெப்பியோலோவுக்கு ஆகாத சரிவுகளில் விளையும் திராட்சை. துவர்ப்பு மிகக் குறைவு, புளிப்பு அதிகம். எண்ணெயை வெட்டும், பூண்டோடு மோதாது.

பர்பேராவின் கதையில் ஒரு கறுப்புப் பக்கமும் இருக்கிறது. 1986-இல் மலிவு ஒயினில் மெத்தனால் கலந்து விற்றதில் இத்தாலியில் பலர் இறந்தார்கள், பலருக்குப் பார்வை போனது. கலப்படத்தில் பர்பேராவின் பெயரும் அடிபட்டது. அதற்கு முன்பே அதை உயர்த்த வேண்டும் என்று ஜாக்கொமோ பொலோஞ்ஞா என்பவர் ரொக்கேத்தா தனாரோ கிராமத்தில் 1982 அறுவடையைச் சிறிய ஓக் பீப்பாய்களில் முதிர வைத்து, ‘பிரிக்கோ தெல்லூச்செல்லோனே’ என்ற பெயரில் வெளியிட்டிருந்தார். அது பர்பேராவின் மதிப்பை மாற்றியது உண்மை. அவருக்கு நான் பெரிய மரியாதை வைத்திருக்கிறேன். ஆனாலும் பாஞ்ஞா காவுதாவுக்கு ஓக் வாசனை ஏறிய பர்பேராவை வாங்காதீர்கள். அது ஆட்டிறைச்சிக்கு நன்றாக இருக்கும். நெத்திலிச் சட்டிக்கு முன்னால் எஃகுத் தொட்டியில் செய்த இளம் பர்பேராதான் பொருந்தும்.

பரோலோவுக்கு என்று நாள் இல்லையா? இருக்கிறது. மாட்டிறைச்சியை ஒயினிலேயே ஊறவைத்து மணிக்கணக்காக வேகவைக்கும் ‘பிரசாத்தோ’. முட்டை மஞ்சள்கரு நிறையச் சேர்த்துப் பிசைந்த ‘தயாரின்’ என்ற மெல்லிய பாஸ்தாவை வெண்ணெயில் புரட்டி, மேலே ஆல்பாவின் வெள்ளை டிரஃபிள் காளானைச் சீவிப் போடுவது. இவை பண்டிகைச் சாப்பாடு, பண்டிகை ஒயின். கொழுப்பும் புரதமும் துவர்ப்பைத் தாங்கிக்கொள்ளும்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். ஊர்க்காரர்கள் காலங்காலமாக இப்படித்தான் குடித்தார்களா? இல்லை. இத்தாலியின் நடுப்பகுதியிலும் எமிலியாவிலும் விவசாயிகளில் பலர் நிலவுடைமையாளருக்கு விளைச்சலில் பாதி கொடுத்த வாரக்குடிகள். அந்த முறையில் புதிய ஒப்பந்தம் போடுவதற்கு 1964-இல்தான் சட்டம் தடை விதித்தது. நல்ல ஒயின் முதலாளிக்கும் சந்தைக்கும் போனது. உழுதவர் வீட்டில் இருந்தது, பிழிந்த சக்கையில் தண்ணீர் ஊற்றி மறுபடி புளிக்கவைத்த நீர்த்த பானம். இறைச்சியும் பண்டிகைக்குத்தான். ஆகவே இன்று ‘பாரம்பரியப் பொருத்தம்’ என்று பெருமையாகச் சொல்லும் மேசை பலருக்கு இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் வாய்த்தது. இதை மறைத்துவிட்டுக் குன்றுகளையும் சூரிய ஒளியையும் மட்டும் எழுதுவது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த மெல்லிய, புளித்த பானத்தின் ருசி அவர்கள் நாக்கில் தங்கியிருந்தது. கையில் காசு வந்த பிறகும் அவர்கள் தேடிப்போனது லேசான, புளித்த ஒயினைத்தான்.

தொஸ்கானாவைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகவே கடக்கிறேன். ஃபுளோரன்ஸின் மாட்டு ஸ்டேக், உள்ளே சிவப்பாக, வெளியே உப்போடு. அதற்குச் சாஞ்சோவேசே திராட்சையின் கியாந்தி கிளாசிகோ. இறைச்சி, உப்பு, துவர்ப்பு என்ற மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தும் இடம் அது. உப்பே போடாத தொஸ்கானா ரொட்டியும் கறுப்புக் கோஸும் பீன்ஸும் சேர்ந்து வெந்த ‘ரிபொல்லீத்தா’வுக்கு முதிர்ந்த கியாந்தி வீண், இளசு போதும்.

நேப்பிள்ஸ் பக்கம் வந்தால் எனக்குப் பேச்சு நீளும். பீட்சாவுக்கு என்ன ஒயின் என்று கேட்டால் பலரும் கனமான சிவப்பு ஒன்றைச் சொல்வார்கள். தக்காளியின் புளிப்பு அந்தக் கனத்தைக் கசப்பாக்கிவிடும். நேப்பிள்ஸில் பீட்சாவோடு வரும் பழைய ஒயின் ‘கிரஞ்ஞானோ’. பியேதிரோஸ்ஸோ, அல்யானிகோ, ஷாஷினோஸோ என்ற திராட்சைகளைக் கலந்து செய்த, குளிரவைத்துக் குடிக்கும் நுரைச் சிவப்பு. எமிலியாவின் லம்புருஸ்கோவுக்கு இங்கே ஒரு சகோதரி. சொர்ரெந்தோ தீபகற்பத்தில் உள்ள கிரஞ்ஞானோ என்ற அந்த ஊர் உலர் பாஸ்தாவுக்கும் பெயர் போனது. மலைக்காற்றும் கடற்காற்றும் மாறி மாறி வீசும் தெருக்களில் அந்தக் காலத்தில் பாஸ்தாவைக் கொடியில் துணி போல் காயப்போட்டிருப்பார்கள்.

நேப்பிள்ஸுக்கு வடக்கே அவெர்ஸா சமவெளி. எருமைப் பால் மொசரெல்லாவின் ஊர்களில் ஒன்று. அங்கே ‘அஸ்பிரீனியோ’ என்ற வெள்ளைத் திராட்சைக் கொடியைப் பாப்ளர் மரங்களில் ஏற்றிவிடுகிறார்கள். மரத்துக்கு மரம் கொடி தாவிப் படர்ந்து 15 மீட்டர் உயரம் வரை பச்சைச் சுவராக நிற்கும். அறுவடைக்குக் குறுகலான நெட்டை ஏணியில் ஏறி, காலால் ஏணியைப் பற்றிக்கொண்டு பறிப்பார்கள். ஈரம் தேங்கும் தரையிலிருந்து கொடி தப்பிக்கிறது, கீழே காய்கறி போட இடமும் கிடைக்கிறது. அந்த உயரத்தில் பழம் மெதுவாகப் பழுப்பதால் புளிப்பு அப்படியே நிற்கிறது. அன்று காலை செய்த மொசரெல்லாவை வெட்டினால் தட்டில் பால் வழியும். அந்தப் பால் இனிப்புக்கும் கொழுப்புக்கும் அஸ்பிரீனியோவின் எலுமிச்சைப் புளிப்புக்கும் இடையே நடப்பதை நான் இத்தாலியில் கண்ட மிகச் சிறந்த ஜோடி என்று தயங்காமல் சொல்வேன். மரமேறிப் பறிக்க ஆள் கிடைக்காததால் இந்தக் கொடிச் சுவர்கள் குறைந்துகொண்டே வருகின்றன. கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாவது வாங்குங்கள்.

உள்ளூர் உணவுக்கு உள்ளூர் ஒயின் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். விச்சென்ஸா நகரத்தின் அடையாளச் சாப்பாட்டைப் பாருங்கள். உப்பிடாமல் காற்றில் உலர்த்திய காட் மீன், அது நார்வேயிலிருந்து வருகிறது. 1431-இல் பியேத்ரோ குவெரீனி என்ற வெனிஸ் வணிகர் கிரீட் தீவிலிருந்து மால்வாசியா ஒயின் ஏற்றிக்கொண்டு ஃபிளாண்டர்ஸுக்குப் புறப்பட்டார். புயலில் கப்பல் போனது. மிஞ்சிய சிலர் படகில் மிதந்து நார்வேயின் லொஃபோத்தன் தீவுகளில் ரோஸ்ட் என்ற இடத்தில் 1432 தொடக்கத்தில் கரை ஒதுங்கினார்கள். அங்கே மீனவர்கள் கட்டையாகக் காய்ந்த மீனை வெண்ணெயோடு சாப்பிடுவதைப் பார்த்து எழுதிவைத்தார். அவர் வழியாகத்தான் இந்தக் கருவாடு வெனிஸுக்கு வந்தது என்பார்கள். ஒயின் கொண்டுபோனவர் கருவாடு கொண்டுவந்தார்! விச்சென்ஸாவில் அதை நாள்கணக்கில் ஊறவைத்து, வெங்காயம், பால், எண்ணெயோடு, கிளறாமலும் கொதிக்கவிடாமலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் மெல்ல வேகவைத்து, சோளமாவுக் களியோடு பரிமாறுகிறார்கள். இதற்குப் பக்கத்து ஊரான பிரெகான்ஸேயின் ‘வெஸ்பயோலோ’ வெள்ளை ஒயின். புளிப்பு சுரீரென்று இருக்கும். பால், எண்ணெய், களி மூன்றும் சேர்ந்த அந்த மெத்தைக்குள் ஒரு கூர்மை வேண்டியிருக்கிறது.

சிசிலியின் பலெர்மோவில் மத்தி மீன் பாஸ்தா. காட்டுப் பெருஞ்சீரகத் தழை, உலர்திராட்சை, பைன் கொட்டை, குங்குமப்பூ எல்லாம் அதில் சேரும். பலெர்மோவில் ஈழத்தமிழர்கள் 1980களிலிருந்து வாழ்கிறார்கள், பலருடைய வீடும் கடையும் பல்லரோ சந்தையைச் சுற்றியே. அங்கே எனக்குத் தெரிந்த ஒரு அக்கா உணவக அடுக்களையில் நெடுங்காலம் வேலை செய்தவர். மீன் பாஸ்தாவுக்கு முன்னால் நான் சிவப்பு ஒயின் பக்கம் திரும்பியதும், “இதுக்கு அது சரிவராது தம்பி, கத்தாராத்தோ எடுங்கோ” என்றார். கத்தாராத்தோ சிசிலியில் பரவலாக நட்டிருக்கும் வெள்ளைத் திராட்சை, பகட்டில்லாதது. பெருஞ்சீரக வாசனைக்கு அது வழிவிட்டு நின்றது.

நான் சொல்லிவரும் லேசான, புளித்த ஒயின் என்ற விதிக்கு அடங்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சார்தீனியாவின் மேற்குக் கரையில் கப்ராஸ் காயல். அங்கே மடவை மீனின் சினையைப் பையோடு எடுத்து, உப்பிட்டு, அழுத்தி, காயவைக்கிறார்கள். ‘பொத்தார்கா’ என்று பெயர். அம்பர் நிறத்தில் கட்டியாக இருக்கும். அதைத் துருவி ஸ்பகெத்தியில் போடலாம், சீவி ரொட்டியில் வைத்தும் சாப்பிடலாம். அதன் உப்பும் கடல் வாசனையும் சாதாரண வெள்ளை ஒயினைக் காணாமல் அடித்துவிடும். கப்ராஸிலிருந்து சில கிலோமீட்டரில் ஒரிஸ்தானோ. அங்கே ‘வெர்னாச்சா’ ஒயினைப் பீப்பாயில் முழுதாக நிரப்பாமல் விடுவார்கள். மேற்பரப்பில் ஈஸ்ட் ஏடாகப் படரும். அதன் கீழே ஒயின் வருடக்கணக்கில் கிடந்து பாதாம், வால்நட் மணத்தோடு வெளியே வரும். ஆல்கஹால் 15 சதவீதத்தை ஒட்டி. 1971-இல் சார்தீனியாவிலேயே முதலில் டிஒசி, அதாவது எந்த ஊர் ஒயின் என்பதற்குச் சட்டம் தரும் அங்கீகாரம், பெற்றது இதுதான். துவர்ப்பு கிடையாது, இனிப்பும் கிடையாது, உப்புக்கு ஈடுகொடுக்கும் பலம் மட்டும் உண்டு. இன்று தோட்டங்கள் பெருமளவு சுருங்கிவிட்டன. குடிப்பவர்கள் பெரும்பாலும் அந்த ஊர் முதியவர்கள்.

கடைசியாக ரோம். நகரத்துக்குத் தென்கிழக்கே உள்ள குன்று ஊர்களில் ‘ஃபிராஸ்கெத்தா’ எனப்படும் எளிய ஒயின் கடைகள் உண்டு. முன்பு அவை ஒயின் மட்டுமே விற்றன, சாப்பாட்டை நாம் கட்டிக்கொண்டு போக வேண்டும். அரிச்சாவின் ‘போர்கெத்தா’, ரோஸ்மேரியும் பூண்டும் மிளகும் அடைத்து முழுதாகச் சுட்ட பன்றி, காகிதத்தில் சுற்றி வரும். ஜாடியில் ஃபிராஸ்காத்தி வெள்ளை ஒயின். இறைச்சிக்குச் சிவப்பு என்று சட்டம் பேசுகிறவர்களை இங்கே உட்கார வைக்க வேண்டும். மொறுமொறுத்த தோலும் கொழுப்பும் கேட்பது குளிர்ந்த வெள்ளையைத்தான்.

ஆனால் அதே ரோமின் வசந்தகாலப் பெருமையான ஆர்ட்டிசோக்குக்கு எந்த ஒயினும் உதவாது. யூதக் குடியிருப்பில் பூப்போல விரித்து எண்ணெயில் பொரிப்பார்கள். வீடுகளில் புதினா இனத் தழையும் பூண்டும் அடைத்து வேகவைப்பார்கள். அதிலுள்ள சினாரின் என்ற பொருள், சாப்பிட்டபின் குடிக்கும் எதையும் இனிப்பாகக் காட்டும். வெறும் தண்ணீர்கூட இனிக்கும் என்பதை 1972-இலேயே ஆய்வில் பதிவு செய்திருக்கிறார்கள். ஃபிராஸ்காத்தியின் புளிப்பு அங்கே காணாமல் போகும், நல்ல ஒயின் சர்க்கரைத் தண்ணீராகிவிடும். ஆகவே ரோமில் ஆர்ட்டிசோக்கை முதல் தட்டாகத் தண்ணீரோடு சாப்பிட்டு முடியுங்கள். கொஞ்சம் ரொட்டி மென்ற பிறகு, போர்கெத்தாவோ பன்றிக் கன்னக் கொழுப்பில் புரட்டிய பாஸ்தாவோ வரும்போது ஒயினைத் திறக்கச் சொல்லுங்கள்.